பக்கம் திறக்கிறது, பொருள்தான் இல்லை

கேள்வி: சேலத்தில் இருந்து எழுதுகிறேன். சமையல் வலைத்தளம் நடத்துகிறேன். மிக்ஸி, தோசைக்கல் என்று நான் புழங்கும் பொருட்களுக்கு அஃபிலியேட் லிங்க் (அதன் வழியாகப் போய் யாராவது வாங்கினால் கடைக்காரர் நமக்குக் கமிஷன் தரும் லிங்க்) கொடுத்ததில் மாதம் 18,000 ரூபாய் வரை கமிஷன் வந்தது. ஆறு மாதமாக 9,000 தாண்டவில்லை. படிக்க வருபவர்கள் குறையவில்லை. 14 சதவீத வட்டிக்கு 3 லட்சம் பெர்சனல் லோன் எடுத்து விளம்பரம் கொடுக்கலாம், ஏஐ டூல் வாங்கலாம் என்கிறார் கொழுந்தனார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆள் வரத்து குறையவில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். அப்புறம் ஆள் கூட்டிவர எதற்குக் கடன்?

நீங்கள் அனுப்பிய பட்டியலில் முதல் பத்து லிங்க்கைத் திறந்து பார்த்தேன். நான்கில் பொருளே இல்லை. அதிகம் பேர் படிக்கும் தோசைக்கல் பதிவிலேயே ‘தற்போது கிடைக்கவில்லை’ என்று நிற்கிறது. லிங்க் போட்டதோடு மறந்துவிடுகிறீர்கள், அதுதான் சிக்கல். லிங்க் வேலை செய்கிறதா என்று பார்க்கும் சாதாரண லிங்க் செக்கர் இதைக் காட்டிக்கொடுக்காது. பக்கமே காணாமல் போனால்தான் அது கத்தும். இங்கே பக்கம் ஜோராகத் திறக்கிறது. வருமானமும் ஒரேயடியாக நிற்பதில்லை. அமேசானில் உங்கள் லிங்க் வழியாகப் போனவர் 24 மணி நேரத்துக்குள் வேறு பொருள் வாங்கினாலும் பொதுவாகக் கமிஷன் உண்டு. அந்தச் சில்லறை வந்துகொண்டிருந்ததால் உங்களுக்கு உறைக்கவில்லை.

தோராயமாகப் பார்ப்போம். தோசைக்கல் லிங்க்கை மாதம் 800 பேர் அழுத்துவதாகச் சொல்கிறீர்கள். நூற்றுக்கு மூன்று பேர் வாங்கினால் 24 கல். 1,500 ரூபாய் கல்லுக்கு 5 சதவீதம் என்றால் 75 ரூபாய், மொத்தம் 1,800. இப்படி நான்கு லிங்க் என்றால் ஏழாயிரம் சொச்சம். நீங்கள் தேடும் பணத்தில் பெரும்பகுதி இங்கேதான் கிடக்கிறது.

கடனுக்கு மூன்று வருடத் தவணை போட்டால் மாதம் 10,250 ரூபாய். இப்போது வரும் 9,000 அதற்கே போதாது. வட்டி மட்டும் 69,000. விளம்பரம் பார்த்து வருபவரும் அதே காலிப் பக்கத்தில்தான் போய் நிற்பார்.

ஏஐ டூல் பேச்சை விடுங்கள். இருபது லிங்க்கைப் பார்க்க ஒரு நோட்டும் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரமும் போதும். பொருள், அது வரும் பதிவுகள், பார்த்த தேதி, இவ்வளவு எழுதினால் சரி. வேறு விற்பனையாளர் இரட்டை விலை போட்டிருந்தால் அதையும் இல்லாத பொருளாகவே எண்ணி, நீங்கள் நம்பும் வேறொன்றை வையுங்கள். சோதிக்கிற சாக்கில் உங்கள் வீட்டுக்கு எதையும் வாங்கிவிடாதீர்கள். சொந்த லிங்க்கில் வாங்கினால் கமிஷன் கிடையாது.

கொழுந்தனாரிடம் மூன்று மாதக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லுங்கள். இன்றைக்கு அந்தத் தோசைக்கல்லை மாற்றுங்கள்.