கழிவு நிலமும் ஆய்வறிக்கையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊரின் ஓரத்தில், போருக்கு முன்னர் இயங்கிய ஒரு தொழிற்சாலையின் கழிவு கொட்டப்பட்ட காணி பற்றையேறிக் கிடக்கிறது. அண்மையில் அதற்கு அருகிலுள்ள மூன்று கிணறுகளில் தண்ணீர் எடுத்துப் பரிசோதித்தார்கள். ஈயம், கட்மியம், பாதரசம் ஆகிய மூன்றுக்கும் எதிரே “கண்டறியப்படவில்லை” என்று எழுதிய அறிக்கை வந்திருக்கிறது. இனி அந்தக் காணியைப் பிரித்து வீடு கட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படிக் கொள்ளலாமா, ஐயா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கிளிநொச்சி மாவட்டம்

பதில்: கொள்ள முடியாது. அந்த அறிக்கை பொய் என்பதல்ல காரணம். நீங்கள் கேட்கும் கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை என்பதே காரணம். மூன்று கிணறுகளில், ஒரு நாளில், தண்ணீரில் என்ன இருந்தது என்பதை மட்டுமே அது கூறுகிறது. காணியின் மண்ணைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

முதலில் “கண்டறியப்படவில்லை” என்ற சொல்லைப் பார்ப்போம். எந்தக் கருவிக்கும் தான் காணக்கூடிய மிகக் குறைந்த அளவு ஒன்று உண்டு. அதற்குக் கீழே இருப்பதை அது காணாது. குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் குறித்திருக்கும் அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். ஆய்வுகூடத்தின் கருவி 0.05 மில்லிகிராமுக்குக் கீழே காணாது என்றால், அனுமதிக்கப்பட்டதைப் போல நான்கு மடங்கு ஈயம் உள்ள தண்ணீருக்கும் அதே சொல்தான் அச்சாகி வரும். ஆகவே அறிக்கையில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் கண்டறியும் எல்லை இலக்கத்தில் தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தரப்படாத அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து அதைக் கேட்பதில் தவறேதும் இல்லை.

எல்லை சரியாகவே இருந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஈயமும் பாதரசமும் களிமண்ணிலும் உக்கலிலும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. மண்ணில் நிறைய இருக்கும்போதே கிணற்று நீரில் மிகச் சிறிதளவு மட்டும் தென்படுவது, அல்லது ஒன்றும் தென்படாமலே போவது, இவ்வகை இடங்களில் வழக்கம். வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் கிணற்றால் அல்ல. கோடையில் எழும் புழுதி, முற்றத்தில் விளையாடிவிட்டுக் கை கழுவாமல் உண்ணும் பிள்ளை, வளவில் நட்ட கீரை, மண்ணைக் கிளறித் தின்னும் கோழி ஆகிய வழிகளாலேயே அது வீட்டுக்குள் வருகிறது. எனவே வீட்டுக் காணி பற்றிய முடிவுக்கு மேல் மண்ணின் மாதிரி, குறிப்பாக முதல் 15 சென்ரிமீற்றரின் மாதிரி, இல்லாமல் முடியாது. கழிவு புதைக்கப்பட்டிருக்கக்கூடிய இடங்களில் அதற்குக் கீழும் துளைத்து, ஒவ்வொரு ஆழத்தையும் வெவ்வேறாக எடுக்க வேண்டும்.

எங்கே எடுப்பது, எதைத் தேடுவது என்பதைத் தொழிற்சாலையின் வரலாறுதான் தீர்மானிக்கும். பரந்தனில் 1950களில் நிறுவப்பட்ட இரசாயனத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் அங்கே உற்பத்தியாயின என்பதை வன்னியில் முதியவர்கள் அறிவார்கள். உலகெங்கும் இவ்வகைத் தொழிற்சாலைகள் உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தியே அவ்விரண்டையும் எடுத்தன. ஆனால் செலுத்திய கலம் ஒரே வகையானதல்ல. பாதரசக் கலம் வைத்திருந்த இடத்தில் பாதரசத்தைத் தேட வேண்டும். இடைத்திரைக் கலம் வைத்திருந்த இடத்தில் அஸ்பெஸ்ரஸையும் ஈயத்தையும் தேட வேண்டும். பழைய காலத்துக் காரீய (கிராபைற்) மின்வாய்கள் பயன்பட்ட இடத்தில் குளோரின் சேர்ந்த சில கரிமச் சேர்மங்களையும் தேட வேண்டும்; உலோகப் பரிசோதனை எத்தனை செய்தாலும் அவற்றை அது காட்டாது. உங்கள் ஊர்த் தொழிற்சாலை எதுவாயினும், அங்கே வேலை செய்த ஒருவர் இன்னும் உயிரோடிருந்தால், அவரை அழைத்துக்கொண்டு காணியை ஒருமுறை நடந்து பார்ப்பது துளைகருவியைத் தூக்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை. கழிவு வாய்க்கால் எங்கே முடிந்தது, சேறு எங்கே கொட்டப்பட்டது, எந்தச் சுவர் எங்கே நின்றது என்பவற்றை அவரைப் போல் எந்த வரைபடமும் சொல்லாது. போர் முடிந்த பின் இடிபாடுகளைத் தள்ளிய இயந்திரங்கள் மண்ணை எந்தப் பக்கம் ஒதுக்கின என்பதையும் விசாரியுங்கள். வன்னியில் ஒரு கழிவு அது கொட்டப்பட்ட இடத்திலேயே இன்றும் இருக்கிறது என்று நம்புவதற்கில்லை.

ஒப்பிடுவதற்காக, கழிவு சேராத, ஆனால் அதே வகை மண்ணுள்ள ஓர் இடத்திலிருந்தும் மாதிரி எடுக்கப்பட வேண்டும். கடல்நீரேரிக்கு அண்மையில் உள்ள ஊர்களில் இது மிக முக்கியம். அங்கே மண்ணும் கிணறும் இயற்கையாகவே உவராக இருக்கும். ஒப்பீட்டு மாதிரி இல்லையென்றால், நீரேரியின் உப்பைத் தொழிற்சாலையின் தலையில் சுமத்துவதும், தொழிற்சாலையின் உப்பை நீரேரியின் தலையில் சுமத்துவதும் ஒரேயளவு எளிதாகிவிடும்.

கேள்வி: மண் எடுக்க வந்தவர்கள் காணியின் பத்து இடங்களில் அள்ளிய மண்ணை ஒரே வாளியில் கொட்டிக் கலந்து, அதிலிருந்து ஒரு பை மட்டும் கொண்டு சென்றார்கள். இது முறையா?
– வாசகி, முல்லைத்தீவு

பதில்: முறையாகவும் இருக்கலாம், ஏமாற்றமாகவும் முடியலாம். “ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பது பானை முழுவதும் ஒரே தீயில் ஒன்றுபோல வேகுவதால்தான் உண்மை. கழிவு கொட்டிய நிலம் அப்படி வேகுவதில்லை. பத்து முழத்துக்கு அப்பால் ஒன்றுமே இல்லாதிருக்கும். காலடியில் ஒரு குவியல் இருக்கும்.

கணக்காகப் பாருங்கள். பத்து இடங்களில் ஒன்பதில் மண்ணின் ஒவ்வொரு கிலோகிராமிலும் 20 மில்லிகிராம் ஈயம் இருக்கிறது. பத்தாவது இடத்தில் 1000 இருக்கிறது என்று வையுங்கள். கலந்த மண்ணில் வரும் விடை 118. குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கு அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் நெடுங்காலம் 400 மில்லிகிராம் என்று வைத்திருந்த அளவை 2024இல் 200 ஆகக் குறைத்தது. அந்தக் குறைத்த அளவுக்கும் கீழே நிற்கிறது 118. அறிக்கை “எல்லைக்குள்” என்று சொல்லும். பத்தாவது இடத்தில் வீடு கட்டுகிறவரின் முற்றத்தில் எல்லையைப் போல ஐந்து மடங்கு ஈயம் கிடக்கும்.

கலந்து எடுப்பவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். பரிசோதனைச் செலவு அதிகம் என்பதால் அவ்வாறு செய்கிறார்கள். செய்யும்போது, எல்லையைக் கலந்த பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்து அந்தச் சிறிய எண்ணோடு விடையை ஒப்பிட்டால் மறைந்திருக்கும் குவியல் தப்பாது. நான்கு பங்குகளைக் கலந்தால் 200க்குப் பதிலாக 50ஐ எல்லையாகக் கொள்ள வேண்டும். விடை அதைத் தாண்டினால் நான்கு இடங்களையும் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். பத்தைக் கலந்தால் எல்லை 20 ஆகிவிடுகிறது. அது பல இடங்களில் மண்ணின் இயற்கையான அளவே ஆகையால், பத்தைக் கலப்பதில் பொருளே இல்லாமற் போகிறது. ஒவ்வொரு பங்கிலும் ஒரு பகுதியைத் தனியாகக் கட்டி எடுத்து வைத்தார்களா என்று கேளுங்கள். வைத்திருந்தால் இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பெற்றோல், கரைப்பான் போன்று ஆவியாகும் பொருள்களைத் தேடுவதானால் மண்ணைக் கலக்கவே கூடாது, ஏனெனில் வாளியில் கிளறும்போதே அவை காற்றோடு போய்விடும்.

கேள்வி: நாங்கள் இளைஞர்கள் சிலர் சேர்ந்து, பழைய எண்ணெய்த் தாங்கிகள் இருந்த இடத்துக்கு அருகிலுள்ள கிணற்று நீரை நாங்களே ஆய்வுகூடத்துக்கு அனுப்ப எண்ணுகிறோம். சோடாப் போத்தலை நன்றாகக் கழுவி, அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசி, நிரப்பி அனுப்பினால் போதுமா?
– மாங்குளம்

பதில்: உப்பு, கடினத்தன்மை, நைத்திரேற்று ஆகியவற்றுக்கு நீங்கள் சொல்லும் முறை பெரும்பாலும் போதும். எண்ணெய்க்கு அது முற்றிலும் பிழையான முறை. எண்ணெய் பிளாஸ்ரிக்கில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடிப் போத்தல் என்றாலும் அதன் சுவரில் படியும். மூன்று முறை அலசினால், ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு படலம் தங்கி, நான்காவது முறை நிரப்பும் நீரில் இருப்பதைவிட அதிக எண்ணெய் போத்தலில் சேர்ந்துவிடும். ஆகவே எண்ணெய்ப் பரிசோதனைக்கு ஆய்வுகூடம் தரும் வாயகன்ற கண்ணாடிப் போத்தலை அலசாமல் ஒரே முறையில் நிரப்ப வேண்டும். ஆய்வுகூடமும் அதிலிருந்து ஒரு பகுதியை ஊற்றி எடுக்காமல், போத்தல் முழுவதையும் கரைப்பானால் கழுவி எடுத்தே அளக்கும்.

எந்த ஆழத்தில் அள்ளினோம் என்பதும் விடையை மாற்றும். எண்ணெய் மிதக்கும். வாளியை அமிழ்த்தி அடியில் அள்ளியவருக்கும் மேற்பரப்பைத் தொட்டு அள்ளியவருக்கும் ஒரே கிணறு இரண்டு கதை சொல்லும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் அனல் மின் நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றிய விவகாரத்தில் ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டு, ஊர் மக்கள் யாரை நம்புவது என்று தெரியாமல் நின்றதை நாம் பார்த்தோம். 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு உத்தரவிட்ட பின்னரே அது ஓரளவு தீர்ந்தது. எங்கே, எப்போது, எந்த ஆழத்தில், எந்தப் போத்தலில் என்ற நான்கையும் முதல் நாளே எழுதி வைப்பது அத்தகைய வழக்கில் எவ்வளவு உதவும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலோகங்களுக்கான போத்தலில் நைத்திரிக் அமிலம் சிறிது இடப்பட்டிருக்கும். அதையும் அலசக் கூடாது, கையில் படவும் விடக்கூடாது. அமிலம் இட்ட நீர் உலோகங்களுக்கு ஆறு மாதம் வரை தாங்கும். பாதரசத்துக்குக் கண்ணாடிப் போத்தல் நல்லது. அது 28 நாட்களுக்குள் அளக்கப்பட வேண்டும். குரோமியத்தின் நச்சு வடிவமான அறுவலுக் குரோமியத்துக்கு வழக்கமாக 24 மணித்தியாலமே தவணை என்பதால், மாங்குளத்திலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் அனுப்பும் போத்தல் காலை எத்தனை மணிக்கு ஆய்வுகூடத்தின் கையில் சேரும் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். குழாய்க் கிணறானால், குழாய்க்குள் தேங்கி நின்ற நீர் முழுவதும் வெளியேறும்வரை பம் பண்ணிய பின்னரே நிரப்ப வேண்டும். ஆய்வுகூடம் தரும் தூய நீரை ஒரு போத்தலில் அடைத்து, மற்றப் போத்தல்களோடு கிணற்றடிக்கும் கொண்டுபோய்த் திருப்பி அனுப்புங்கள். அதிலும் எண்ணெய் வந்தால் குற்றம் கிணற்றினுடையதல்ல.

கேள்வி: மண்ணைத் துளைத்துப் பார்க்க நாங்களே அலவாங்கோடு இறங்கலாமா?
– முழங்காவில்

பதில்: இறங்கவே வேண்டாம். கண்ணிவெடி அகற்றிய காணி என்றாலும், அகற்றல் ஒரு குறிப்பிட்ட ஆழம் வரையே செய்யப்பட்டிருக்கும். மாதிரிக்கான துளை அதைத் தாண்டிப் போகலாம். எந்த ஆழம் வரை அகற்றப்பட்டது என்பதை மாவட்டச் செயலகத்தில் எழுத்தில் பெற்ற பிறகே எவரும், வெளியூரிலிருந்து வரும் நிபுணர் உட்பட, துளைகருவியை ஊன்ற வேண்டும். இடிபாடுகளில் கிடக்கும் உடைந்த அஸ்பெஸ்ரஸ் கூரைத் தகடுகளைக் காய்ந்த நிலையில் உடைப்பதும் மிதிப்பதும் கூடாது, நனைத்துத் தொடுங்கள்.

கேள்வி: தண்ணீர் எடுக்க மாரி நல்லதா, கோடை நல்லதா?
– விவசாயி, புதுக்குடியிருப்பு

பதில்: இரண்டும். ஒன்றுதான் முடியும் என்றால், எதை அறிய விரும்புகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கழிவிலிருந்து எது ஓடிவந்து வயலில் சேருகிறது என்பதை அறிய, மாரியின் முதற் பெருமழையில் வாய்க்காலில் ஓடும் நீரைப் பிடிக்க வேண்டும். இரண்டு கிழமை கழித்துப் போனால் அது கழுவுண்டு போயிருக்கும். கிணற்றின் மிக மோசமான நிலையை அறியச் சிலர் கோடையைச் சொல்வார்கள், ஏனெனில் நீர் குறைய உப்பும் மாசும் செறியும். ஆனால் மாரியில் நிலத்தடி நீர் உயர்ந்து புதைந்த கழிவைத் தொடும் இடங்களில் அந்தக் கணக்கு தலைகீழாகும். வயலுக்கும் குளத்துக்கும் நீரைவிட அடியிற் படிந்த சேற்றின் மாதிரியே அதிகம் சொல்லும். ஜப்பானின் மினமாட்டாக் குடாவிலும் தொழிற்சாலையின் பாதரசம் அடிச்சேற்றில் படிந்து, மீனுக்கும் அதை உண்ட மனிதருக்கும் ஏறியது. அங்கே நோய் முதன்முதலில் பதிவானது 1956இல்.

கேள்வி: எங்கள் காணியில் மாதிரி எடுத்துப் போனவர்கள் முடிவை எங்களுக்குத் தரவில்லை. என்ன செய்யலாம்?
– கண்டாவளை

பதில்: எடுத்தது அரச நிறுவனம் என்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் அந்நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. எழுத முடியாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம்.

விண்ணப்பத்தில் “முடிவு” என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் ஒரு பக்க அட்டவணை ஒன்றுதான் வரும். மாதிரி எடுத்த இடங்களின் வரைபடம், ஆழம், திகதி, நேரம், போத்தலின் வகை, ஆய்வுகூடத்தில் ஒப்படைத்தபோது இருந்த வெப்பநிலை, பரிசோதனை முறை, ஒவ்வொரு பொருளுக்குமான கண்டறியும் எல்லை, கைமாறிய ஒவ்வொருவரும் ஒப்பமிட்ட தாள், களக் குறிப்பேட்டின் பிரதி ஆகியவற்றைத் தனித்தனியே பெயர் சொல்லிக் கேளுங்கள்.