இறங்கிப் போவது (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்காவுக்கு,

புதுக்குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். மூன்று வருடமாக உங்கள் தளத்தை வாசிக்கிறேன். விளையாட்டைப் பற்றி நீங்கள் எழுதுவதில்லை என்பது ஒரு குறை. ஆனாலும் உங்களிடம்தான் கேட்கத் தோன்றியது.

விடியக்காலையில் எழும்பி போனில் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டம் பார்க்கிறவன் நான். ஜே.ஜே. ரெடிக் என்ற வீரர் 2021 இல் ஓய்வுபெற்று, ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சியில் வர்ணனையாளராக நல்ல பெயர் எடுத்தார். 2024 இல் லேக்கர்ஸ் அணி கூப்பிட்டதும் மைக்கை வைத்துவிட்டுத் தலைமைப் பயிற்றுநராகப் போய்விட்டார். ஓய்வுபெற்ற வீரர் ஒருவர் கௌரவமான வர்ணனைத் தொழிலை விட்டு, வென்றால் புகழ் வீரனுக்கும் தோற்றால் திட்டுத் தனக்கும் வருகிற பயிற்றுநர் வேலைக்கு இறங்கிப் போவது புத்தியா? சம்பளக் கணக்குப் பார்த்தாலும் எனக்கு விளங்கவில்லை.

நானும் இங்கே கழகங்களின் சுற்றுப்போட்டிகளில் மைக் பிடிக்கிறவன். அதனால் வந்த யோசனை. எங்கள் ஊரில் வலைப்பந்து ஆடுகிற பெண்பிள்ளைகளுக்குப் பழக்க ஆளில்லை, பந்துக்குக் காற்றடிக்கிற ஊசிகூட இங்கே வாங்க முடியாது. அது வேறு கதை.

கி.

தம்பிக்கு,

உம்முடைய கடிதம் வந்த நேரம் நான் வேறொரு கோபத்தில் இருந்தேன். அந்தக் கோபம் இல்லாவிட்டால் அமெரிக்கப் பந்துக்கும் எனக்கும் என்ன என்று பேசாமல் விட்டிருப்பேன்.

அதற்கு முதல் நாள் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டி. மருமகள் ஓடுகிறாள் என்று போனேன். நூறு மீற்றருக்குப் பெண்பிள்ளைகள் கோட்டில் நிற்கிறார்கள், வெறுங்கால். நேரம் பன்னிரண்டரை. மைக்கில் இருந்தவர் பிரதம விருந்தினரின் படிப்பைச் சொல்லி, பதவிகளைச் சொல்லி, அவர் படித்த பள்ளிக்கூடத்தின் பெருமைக்குப் போய்விட்டார். மூன்றாவது தடத்தில் நின்ற பிள்ளை வலது பாதத்தைத் தூக்கி இடது புறங்காலில் வைத்தாள். கொஞ்சத்தால் மாற்றி வைத்தாள். திரும்பவும் மாற்றினாள். அந்த மண் எப்படிச் சுடும் என்று பந்தலுக்குள் இருந்தவருக்குத் தெரியாது. “வீராங்கனைகள் மின்னலெனப் பாயக் காத்திருக்கிறார்கள்” என்கிறார். காத்திருக்க வைத்தவரே அவர்தான்.

இந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்து படுத்தெழும்பினால் உம்முடைய கடிதம்.

விளையாட்டைப் பற்றி எழுதாதது என் குறைதான், ஒப்புக்கொள்கிறேன். சம்பளக் கணக்கை ரெடிக்கும் அவர் பெண்சாதியும் பார்த்துக்கொள்ளட்டும். உமக்கும் எனக்கும் அதில் ஒரு சதம் வரப்போவதில்லை. போகலாமா என்றால், போகலாம். அந்த ஆள் போய் ஒரு பருவமும் முடித்தபிறகு கேட்கிறீர், தாலி கட்டி முடிந்தபிறகு பொருத்தம் பார்க்கிற மாதிரி.

ஆனால் “இறங்கிப் போவது” என்று எழுதினீரே, அதை விடமாட்டேன்.

எங்கேயிருந்து எங்கே இறங்குகிறது? நீர் வன்னிப் பிள்ளை. வயலுக்குள் இறங்கியாச்சு என்றால் வேலை தொடங்கியாச்சு என்றுதான் உங்கள் வீட்டில் அர்த்தம். வரம்பில் நின்று கதைக்கிறவனை வயல் செய்கிறான் என்று எந்த ஊரிலும் சொல்வதில்லை. இரணைமடுக் குளத்தில் சிறுபோக விதைப்புக் கூட்டம் நடக்கும்போது வந்து பாரும். இருக்கிற தண்ணிக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கதைக்க அவ்வளவு சனம். வாய்க்கால் துப்புரவாக்குகிற அன்றைக்கு மண்வெட்டியோடு நிற்கிறவர்களை எண்ணிப் பாரும், முதல் நாள் சனத்தில் பாதியும் வராது. கதைப்பது மேலே, செய்வது கீழே என்று இந்த ஏணியை உமக்கு ஆர் சாத்தி வைத்தது? மைக் பிடிக்கிறவனுக்குச் சோடா உடைத்துக் குடுக்கிறார்கள், பழக்குகிறவன் பைப்பில் தண்ணி குடிக்கிறான். அதைப் பார்த்துத்தானே உயரம் அளந்திருக்கிறீர்? பதில் எழுதும்போது இதை மறுத்துப் பாரும் பார்ப்போம்.

உம்முடைய ஆட்களையே எடுப்போம். பற் றைலி ஆடி ஓய்ந்தபிறகு லேக்கர்ஸ் ஆட்டங்களுக்குப் பேர்போன வர்ணனையாளர் சிக் ஹேர்னின் பக்கத்தில் இருந்து வர்ணனை செய்தவர். 1979 இல் அந்த அணியின் பயிற்றுநர் ஜக் மக்கினி சைக்கிளால் விழுந்து தலையில் பலத்த காயம். உதவியாளர் தலைமைக்கு ஏற, உதவியாளரின் கதிரைக்கு வர்ணனையாளரைக் கூப்பிட்டார்கள். 1981 இல் றைலியே தலைமை. அந்த அணியோடு மட்டும் நாலு சம்பியன் பட்டம். இன்னொரு பக்கம், கோல்டன் ஸ்டேற் அணி 2011 இல் மார்க் ஜக்சனை வர்ணனையிலிருந்து எடுத்தது, 2014 இல் அனுப்பிவிட்டது. பதிலுக்கு எடுத்த ஸ்டீவ் கேரும் வர்ணனைக் கதிரையிலிருந்து வந்தவர்தான். அவர் முதல் பருவத்திலேயே, 2015 இல், பட்டம் எடுத்தார், பிறகும் மூன்று. ஜக்சன் உழுத வயலில் கேர் அறுத்தார் என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். மெஜிக் ஜோன்சனைவிடப் பந்து தெரிந்தவர் உண்டா? அவரும் தொலைக்காட்சியில் கதைத்தவர். 1994 இல் லேக்கர்ஸைப் பதினாறு ஆட்டத்துக்குப் பொறுப்பெடுத்து ஐந்தில் மட்டும் வென்று, போதும் என்று போய்விட்டார். மைக்கை வைத்து நீர் என்னத்தைக் கணக்குப் பார்ப்பீர்?

சைக்கிள் என்றதும் எங்கள் வீட்டுச் சைக்கிள் ஞாபகம் வருகிறது. 1996 மார்ச் 17. லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம், நாங்கள் கிளிநொச்சியில். போர்க்காலம், பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோ. பெடல் சுற்றினது சின்னண்ணை. றேடியோவில் காதை வைத்திருந்தது பெரியண்ணை. முற்றத்தில் நின்ற அயலட்டைச் சனத்துக்கு ஒவ்வொரு ஓட்டத்தையும் கையைக் காலை ஆட்டி அவர்தான் சொன்னார். அரவிந்த டி சில்வா சதம் அடித்ததை, தானே அடித்த மாதிரிச் சொன்னார். சின்னண்ணைக்குக் கை சளைக்கும்போது றேடியோவின் சத்தம் தேய்ந்து போகும். “சுத்தடா!” என்று எல்லாரும் கத்துவார்கள். இலங்கை வென்றதும் சனம் பெரியண்ணையைத்தான் கட்டிப்பிடித்தது. சின்னண்ணை கிணற்றடிக்குப் போய்க் கையைத் தண்ணிக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

அந்த வருடம் செப்ரெம்பரில் கிளிநொச்சி ஆமியிடம் போய்விட்டது, நாங்கள் இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில். பள்ளிக்கூடம் மரத்துக்குக் கீழே. அங்கேதான் நான் வலைப்பந்து பழகினேன். ஏன் கூடைப்பந்து இல்லை என்று கேட்பீர். கூடைப்பந்துக்குப் பந்தை நிலத்தில் தட்டிக்கொண்டு ஓட வேண்டும். எங்கள் மண்ணில் மழைக்குப் பிறகு பந்தைத் தட்டினால் அது சேற்றிலேயே இருந்துவிடும். சீமெந்துத் தளம் போட அப்போது சீமெந்து எங்கே? வலைப்பந்தில் தட்டுகிற வேலை இல்லை. பிடி, எறி. பத்தடியில் ஒரு கம்பு, அதில் ஒரு வளையம், பின்னுக்குப் பலகையும் தேவையில்லை. வன்னிப் பெண்பிள்ளைகள் ஏன் எல்லாரும் வலைப்பந்து ஆடினார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

பழக்கின ரீச்சரும் இடம்பெயர்ந்து வந்தவ. குரலே வெளியில் வராத மனுசி. விசிலும் இல்லை, கைதட்டுவா. வலைப்பந்தில் பந்து வைத்திருக்கிறவளைத் தடுக்கிறவள் அப்போதைய விதிப்படி மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். நான் டிபென்ஸ். ஒவ்வொரு முறையும் உள்ளே போய்விடுவேன். ரீச்சர் ஒரு வேப்பந்தடியை மூன்றடிக்கு வெட்டி, தோல் சீவி, எதிராளியின் காலுக்கும் என் காலுக்கும் நடுவில் வைத்தா. நான் உள்ளே போனால் குனிந்து அந்தத் தடியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவா. ஏச்சு இல்லை, விளக்கம் இல்லை. ஒரு மாதம் இப்படித் தட்டினா. பிறகு தடி இல்லாமலே என் கால் நின்றது.

ஒரு போட்டியில் படுதோல்வி. அழுதுகொண்டு வந்தேன். தலையைத் துடைத்துவிட்டு ஒரே ஒரு வசனம் சொன்னா: “பந்தைப் பாக்காதை பிள்ளை, அவளின்ர இடுப்பைப் பார்.”

பந்து ஏமாற்றும். கையும் கண்ணும் இடப்பக்கம் காட்டும், ஆள் வலப்பக்கம் பாயும். இடுப்பு மட்டும் ஆள் போகிற பக்கம்தான் திரும்பும். ரீச்சர் பார்த்தது முழுக்கப் பந்து இல்லாத பிள்ளைகளை. நீர் மைக்கில் நிற்கும்போது எதைப் பார்க்கிறீர்? பந்தை. கமெராவும் பந்தைத்தான் பார்க்கிறது. கேட்கிற சனத்துக்கு அது போதும், அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உமக்கு ஒன்றரை மணித்தியாலம் நிரப்ப வேண்டும். கூடைப்பந்தில் உலகச் சம்மேளன விதிப்படி பயிற்றுநருக்கு ஒரு இடைநிறுத்தத்தில் கிடைப்பது ஒரு நிமிடம். மூச்சு வாங்குகிற பிள்ளையின் காதில் அந்த ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் ஏறும் என்று நினைக்கிறீர்?

ரெடிக்கைப் பற்றி நீர் கவனிக்காமல் விட்டது இதுதான். பதினைந்து பருவம் ஆடின அந்த மனுசனின் பிழைப்பே பந்து இல்லாமல் ஓடுவது. தன் அணி ஆட்கள் நின்று குடுக்கிற மறைப்பைச் சுற்றிச் சுற்றி ஓடி, பந்து வந்த நொடியில் தூரத்திலிருந்து எறிவது. இடுப்புப் பார்க்கத் தெரிந்த ஆள் என்று அதனால்தான் நம்புகிறேன். லேக்கர்ஸுக்கு முதல் அவர் பழக்கினது தன் மகனின் சின்னப் பெடியள் அணியை மட்டும் என்று சிரித்தார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? சப்பாத்து நூல் கட்டத் தெரியாத பெடியளைப் பழக்கினவன் பெரிய ஆட்களிடம் பயப்படமாட்டான்.

முதல் பருவத்தில் 50 வெற்றி, 32 தோல்வி. பிறகு பட்டத்துக்கான முதல் சுற்றிலேயே மினசோட்டாவிடம் 4-1 என்று போச்சு. நாலாவது ஆட்டத்தில் இரண்டாம் பாதி முழுக்க ஒரே ஐந்து பேரை ஆடவிட்டார், ஒரு மாற்றம்கூட இல்லை. மூன்று புள்ளியால் தோல்வி. ஆட்களை மாற்ற உதவியாளர்களிடம் கேட்டிருக்கலாமே என்கிற மாதிரி ஒரு நிருபர் கேட்டதும் மனுசன் எழும்பிப் போய்விட்டார். வர்ணனை மேசையில் இருந்த காலத்தில் இதே பிழையை வேறொருவர் விட்டிருந்தால் ரெடிக் பத்து நிமிடம் அழகாக விளக்கியிருப்பார். அன்றைக்கு அவரின் காலுக்குக் கீழேயும் மண் சுட்டது. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். எழும்பிப் போனது பிழை, அதுவும் சொல்லத்தான் வேண்டும்.

ரெடிக் கிடக்கட்டும். “அது வேறு கதை” என்று கடைசியில் தள்ளிவிட்டீரே, பழக்க ஆளில்லாத அந்தப் பிள்ளைகளை. போட்டிகளில் அந்தப் பிள்ளைகளின் பெயரையும் நீர்தானே மைக்கில் வாசிக்கிறீர்? எத்தனை மணிக்கு மைதானத்துக்கு வருகிறார்கள் என்று உமக்குத் தெரியாமலா இருக்கும்? விதி தெரியாது, பழக்கி அனுபவம் இல்லை என்று எனக்கு எழுத வேண்டாம். ஒரு வேப்பந்தடி வெட்டத் தெரியும்தானே?

பந்தூசி இங்கே டிப்போச் சந்தியில் இருக்கிறது. நாலு வாங்கிக் கடித உறைக்குள் வைத்து, வெள்ளிக்கிழமை பரந்தனால் வருகிற முல்லைத்தீவு பஸ்ஸில் குடுத்துவிடுகிறேன். சந்தியில் நின்று கொண்டக்டரிடம் கேட்டு வாங்கும். குத்த முதல் ஊசியில் கொஞ்சம் எண்ணெய் பூசும், இல்லாவிட்டால் வால்வு கிழிந்துவிடும்.

அன்புடன்,
அக்கா