ஏரிக்கரை ஜன்னலில் பனிமலை தெரியாது

கேள்வி: மே கடைசி வாரத்தில் அப்பா (71), அம்மா (66, முழங்கால் வலி), பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுடன் நைனிடால் பக்கம் போக ஆசை. டெல்லியில் புறப்பட்டு டெல்லிக்கே திரும்ப 5 நாள். நைனிடால், பீம்தால், ராணிகேத், கௌசானி, கடைசியில் முசூரி என்று ஏஜென்ட் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். "ஏரிக்கரையிலேயே ரூம், ஜன்னலைத் திறந்தால் பனிமலை" என்கிறார். அட்வான்ஸ் கட்டிவிடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கட்டாதீர்கள். மாதம் தப்பு, தூரக் கணக்கு தப்பு. அந்த ஜன்னல் பேச்சு முழுப் பொய்.

ஜன்னலையே முதலில் எடுத்துக்கொள்வோம். நைனி ஏரி கிண்ணத்தின் அடியில் தேங்கிய தண்ணீர் மாதிரி கிடக்கிறது. ஒரு பக்கம் 2,615 மீட்டர் உயர நைனா சிகரம், கிழக்கே ஷேர்-கா-டாண்டா, மேற்கே அயார்பாட்டா என்று சுற்றிலும் மலை. கரையில் எந்த ஹோட்டலில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் எதிர்ச்சரிவு வீடுகளும் மரங்களும்தான் கண்ணில் படும். பீம்தால், சாத்தால், நௌகுசியாதால் எல்லாமே இப்படிப் பள்ளத்தில் கிடப்பவைதான். நைனிடாலும் கௌசானியும் இருக்கும் இந்தக் குமாவுன் பகுதியில் ஏரி பார்க்கும் இடம் வேறு, பனிச்சிகரம் பார்க்கும் இடம் வேறு. சிகரத்துக்கு ஒரு முகட்டில் ஏறி வடக்கே பார்க்க வேண்டும். இது தெரியாமல் போகிறவர்கள்தான் "நைனிடால் போனோம், இமயமலையே தெரியவில்லை" என்று திரும்பி வருகிறார்கள்.

முகட்டில் ஏறினாலும் மே மாதத்தில் பெரும்பாலும் தெரியாது. மழையில்லாத மாதங்களில் சமவெளிப் புழுதி மேலேறி அந்தரத்தில் நிற்கும். கூடவே காட்டுத்தீப் புகை. சிர் பைன் மரத்தின் காய்ந்த ஊசியிலையை அங்கே பிரூல் என்பார்கள். தரையில் மெத்தையாகக் கிடக்கும் அதில் பிசினும் உண்டு, ஒரு பீடித்துண்டு போதும். 2024 ஏப்ரலில் நைனிடால் பக்கத்துக் காடுகள் எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் பீம்தால் ஏரியிலிருந்து தண்ணீரை மொண்டு போய் ஊற்றியது. நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மே மாதத்திலும் சிகரம் பளிச்சென்று தெரிவதுண்டு. அதை நம்பிக் குடும்பத்தோடு டிக்கெட் எடுக்க முடியாது.

குளிருக்காகத்தான் போகிறீர்கள் என்றால் இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். நைனிடால் 1,938 மீட்டர். நம் ஊட்டி 2,240, கொடைக்கானலும் 2,100-க்கு மேல். உயரத்தில் நம்மூர் மலைகள்தான் ஒரு படி மேலே. ஜனவரியில் நைனிடாலில் சில நாள் பனி விழுவது அது வடக்கே இருப்பதால். மே மதியத்தில் அங்கே ஸ்வெட்டர் தேவைப்படாது.

இனி தூரம். மலையில் மணிக்கு 25, 30 கிலோமீட்டருக்கு மேல் கணக்குப் போடக்கூடாது. டெல்லியிலிருந்து நைனிடால் 300 கிலோமீட்டருக்கு மேல், 8 மணி நேரம். நைனிடாலிலிருந்து கௌசானி 120 கிலோமீட்டரை ஒட்டி, 5 மணி நேரம். முசூரி இருப்பது உத்தராகண்டின் மேற்குப் பாதியான கட்வால் பக்கம், கௌசானியிலிருந்து அங்கே போக ஒரு முழுப் பகலும் போதாது. முசூரியிலிருந்து டெல்லிக்கு இன்னொரு பகல். ஐந்து நாளில் நான்கு நாள் உங்கள் அம்மா முழங்காலை மடக்கி வண்டியில் உட்கார்ந்திருப்பார். முசூரியை இன்றே அடித்துவிடுங்கள்.

போக வேண்டிய காலம் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரை. மழை கழுவிவிட்ட வானம், ஏரியும் நிறைந்திருக்கும். காலாண்டு விடுமுறை கொஞ்சம் முன்னதாக விழும், தீபாவளியை ஒட்டிக் கிடைக்கும் நாட்கள் உத்தமம். துர்கா பூஜை வாரத்தில் வங்காளத்துக் குடும்பங்கள் கௌசானியை நிறைத்துவிடும், அதைத் தவிருங்கள். அக்டோபரிலும் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துத்தான் மலையேற வேண்டும். 2021 அக்டோபர் 18, 19-இல் நைனிடால் மாவட்டத்து முக்தேஷ்வரில் ஒரே நாளில் 340.8 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நைனி ஏரி வழிந்து மால் ரோடில் ஓடியது, சாலைகள் அறுந்தன. அதனால்தான் திரும்பும் ரயிலுக்கும் விமானத்துக்கும் நடுவே டெல்லியில் ஒரு நாளை சும்மா விடச் சொல்கிறேன்.

டெல்லியிலிருந்து காரில் போகாதீர்கள். மலையடிவாரத்தில் கடைசி ரயில் நிலையம் காட்கோதாம். ராணிகேத் எக்ஸ்பிரஸ் இரவில் டெல்லியில் ஏறினால் விடியற்காலை அங்கே இறக்கிவிடும். அது நிற்பது பழைய டெல்லி ஸ்டேஷனில். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்தால் இறங்குவது புது டெல்லியில். இரண்டும் வேறு வேறு, பெட்டி படுக்கையோடு ஸ்டேஷன் மாற இரண்டு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். பகலில் போக வேண்டுமானால் புது டெல்லியிலிருந்து சதாப்தி இருக்கிறது.

காட்கோதாமில் இறங்கியதும் பால் டீயைக் குடித்துவிட்டு வெறும் வயிற்றோடு ஏறுகிறவர்கள்தான் முதல் பத்து வளைவில் வாந்தி எடுக்கிறார்கள். இரண்டு பிஸ்கட், ஒரு வாழைப்பழம் போதும். பிள்ளைகளிடமிருந்து போனை வாங்கி வைத்துவிட்டுத் தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பழக்கமான வாந்தி மாத்திரை இருந்தால் வண்டி கிளம்ப அரை மணி முன்னால் போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை. நான் சொல்லும் ஊர்கள் எல்லாமே 2,500 மீட்டருக்குக் கீழே இருப்பதால், லடாக்கில் வருவது போன்ற மூச்சுத் திணறல் பயம் அப்பாவுக்கு வேண்டாம். இதய நோய் இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்குவது நைனிடாலில் வேண்டாம், பீம்தாலில் மூன்று இரவு தங்குங்கள். காட்கோதாமிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், உயரம் 1,370 மீட்டர், ஏரியைச் சுற்றித் தரை ஓரளவு சமம். நைனிடாலில் மால் ரோடுக்கு மேலேயுள்ள பல ஹோட்டல்கள் சரிவில் தொங்குகின்றன. கார் ஒரு இடத்தில் நிற்கும், அறை அறுபது எழுபது படிக்கு மேலே இருக்கும். எங்கே அறை எடுத்தாலும் "கார் நிற்கிற இடத்திலிருந்து கட்டில் வரை எத்தனை படி?" என்று கேளுங்கள். "கொஞ்சம்தான்" என்ற பதிலை ஏற்காதீர்கள், எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.

முதல் நாள் ஓய்வு. இரண்டாம் நாள் காலையில் சாத்தால். பெயருக்கு ஏழு ஏரி. ராம், லட்சுமண், சீதா என்ற மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. சுற்றிலும் ஓக் காடு. பறவை பார்க்கிறவர்கள் விடியும் முன்பே கேமராவோடு வந்து காத்திருக்கும் இடம் இது. பிள்ளைகளை அமைதியாக உட்கார வைத்தாலே போதும், பறவை கிட்டே வரும். மாலையில் நௌகுசியாதால். ஒன்பது மூலை உள்ள ஏரி என்று பெயர், 40 மீட்டர் ஆழம், குமாவுன் ஏரிகளில் ஆழமானது இதுதான். படகில் ஏறினால் லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்துக் கட்டுங்கள், தோளில் சும்மா மாட்டிக்கொண்டால் தண்ணீரில் அது தனியே கழன்று வந்துவிடும்.

நைனிடாலை மூன்றாம் நாள் பாருங்கள், அது வார நாளாக இருக்கட்டும். காலை 8 மணிக்குள் ஊருக்குள் நுழைந்துவிட வேண்டும். சீசனிலும் சனி, ஞாயிறுகளிலும் பார்க்கிங் நிரம்பியதும் வெளியூர் வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்தி, ஷட்டில் வண்டியில் ஏற்றி அனுப்புகிறார்கள். ஊருக்கு இரண்டு முனை. மல்லா என்றால் மேல், தல்லா என்றால் கீழ். மல்லிதாலில் நைனா தேவி கோவிலும் ரோப்வேயும் இருக்கின்றன, தல்லிதாலில் பஸ் நிலையம். நடுவே மால் ரோடு ஒன்றரை கிலோமீட்டர். அம்மாவுக்கு அங்கே ரிக்‌ஷா கிடைக்கும். நேராக ரோப்வேக்குப் போய் 2,270 மீட்டர் ஸ்னோ வியூவுக்கு ஏறிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் பள்ளத்தாக்கு சூடேறி, ஈரக்காற்று மேலெழும்பி, சிகரங்களை மேகம் மூடத் தொடங்கிவிடும்.

இறங்கி வந்ததும் மல்லிதாலில் ஃப்ளாட்ஸ் என்ற பெரிய மைதானத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 1880 செப்டம்பர் 18-இல் இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில் மேலேயிருந்த சரிவு பெயர்ந்து விழுந்து 151 பேர் இறந்தார்கள். அந்த மண் சேர்ந்து அகன்ற தரைதான் உங்கள் காலடியில் இருப்பது. அதற்குப் பிறகு மலைச்சரிவெங்கும் கட்டிய கல் வாய்க்கால்கள் இன்றும் மழைத் தண்ணீரை ஏரிக்கு இறக்குகின்றன. மிட்டாய்த் தாளும் தண்ணீர் பாட்டிலும் அதே வாய்க்கால் வழியாகத்தான் ஏரிக்குப் போகின்றன.

ஏரியைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் ஏரிகள் அணை கட்டித் தேக்கியவை. நைனி ஏரி நிலம் பிளந்து அசைந்து தானாக உண்டானது. அந்த ஊர் குடிப்பதும் இந்தத் தண்ணீரைத்தான். கரையில் பிரெட் வாங்கி மீனுக்குப் போடாதீர்கள். தின்றது போக மிச்சம் அடியில் போய் அழுகும், அழுகுவதற்குத் தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, ஆக்ஸிஜன் இல்லாத அடித்தண்ணீர் மேலே வந்து மீன் செத்து மிதந்திருக்கிறது. அதனால்தான் 2007 முதல் குழாய் வழியாக அடியில் காற்றைச் செலுத்துகிறார்கள். படகிலிருந்து பார்த்தால் ஓரிடத்தில் கொத்துக் கொத்தாகக் குமிழ் எழும்பி வரும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

நான்காம் நாள் பீம்தாலிலிருந்து கௌசானிக்குக் காலை 7 மணிக்குள் கிளம்புங்கள். பவாலி தாண்டியதும் கைஞ்சி தாம் ஆசிரமம் வரும். தரிசனக் கூட்டத்தில் சாலை இரண்டு மூன்று மணி நேரம் அடைபடுவது சகஜம். ஜூன் 15 திருவிழாவன்று அந்தப் பக்கம் தலைகாட்டவே கூடாது. கைர்னாவில் வழி பிரியும். அல்மோரா வழியில் குவாரப் அருகே மலை சரிந்துகொண்டே இருக்கும் பகுதி ஒன்று இருக்கிறது, அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று டிரைவரை விசாரிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ராணிகேத் வழியாகப் போங்கள், அந்த ஊரையும் பார்த்ததாகும். அல்மோரா வழியே போனால் பால் மிட்டாய் வாங்காமல் வராதீர்கள். கோவாவைப் பழுப்பாகும்வரை கிளறி, வெள்ளைச் சர்க்கரை மணியைப் புரட்டி எடுத்தது. நான்கு நாளில் தீர்த்துவிட வேண்டும்.

கௌசானியில் இரண்டு இரவு. ஒரு காலை மேகம் மூடினாலும் இன்னொரு காலை கையில் இருக்கும், ஒரே இரவு தங்குவது சூதாட்டம். உயரம் 1,890 மீட்டர். நேர் எதிரே 7,120 மீட்டர் திரிசூல், அதற்கு வலப்புறம் 7,816 மீட்டர் நந்தாதேவி, இன்னும் கிழக்கே ஐந்து முனையோடு பஞ்சசூலி. விடியலுக்கு அரை மணி முன்னாலேயே வெளியே வந்துவிடுங்கள். சூரியன் நம் கண்ணுக்குத் தெரியும் முன்பே சிகர நுனி சிவந்து, அந்தச் சிவப்பு மெல்லக் கீழிறங்கி, மஞ்சளாகி, கடைசியில் வெறும் வெள்ளையாகும். பிந்தி எழுந்தவருக்கு அந்த வெள்ளைதான் மிஞ்சும். 1929-இல் காந்தி தங்கிய அனாசக்தி ஆசிரமத்தின் முற்றம் இதற்கு அருமையான இடம். பகலில் வண்டியில் இறங்கி கோமதி ஆற்றங்கரையிலுள்ள பைஜ்நாத் கோவில்களைப் பார்த்து வரலாம், அம்மாவால் முடிந்த நடைதான்.

அறை எடுக்கும்போது வடக்கு பார்த்த அறையா என்று கேளுங்கள், "மவுண்டன் வியூ" என்ற பேச்சை நம்பாதீர்கள், எதிரே நிற்கும் மொட்டைக் குன்றும் மவுண்டன்தான். ஹீட்டர் பல இடங்களில் கிடையாது, அப்பாவுக்கு இன்னொரு ரஜாய் (பஞ்சு அடைத்த கனத்த போர்வை) முதல் நாள் மாலையே வாங்கி வைத்துவிடுங்கள். உங்கள் ஐந்து நாளைக் கொஞ்சம் நீட்டத்தான் வேண்டும்; ஆறாம் நாள் காலை 9 மணிக்குப் புறப்பட்டால் காட்கோதாமில் இரவு ரயிலைப் பிடிக்க நேரம் தாராளம்.

ஏஜென்ட் இதற்கு ஒத்துக்கொண்டால் அவரிடமே கொடுங்கள். ஊர்களின் பெயர், ஒவ்வொன்றிலும் எத்தனை இரவு, ஹோட்டலின் பெயர், படிகளின் எண்ணிக்கை, அறை எந்தத் திசை, இத்தனையும் எழுத்தில் வந்த பிறகு அட்வான்ஸ் கட்டுங்கள்.