காட்டுயிர் படித்தவருக்குக் கவுன்சிலில் என்ன வேலை?

இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி மன்றத்தின், திட்டமிடல் பிரிவில் சூழலியலாளராக இருக்கிறேன். நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

கேள்வி: அக்கா, காட்டுயிரியல் படித்துவிட்டுக் கட்டட அனுமதி தரும் அலுவலகத்தில் என்ன செய்கிறீர்கள்?

பதில்: வீடு கட்ட, கூரை மாற்ற, வயலை மனையாக்க வரும் விண்ணப்பங்களைப் படிக்கிறேன். கூரையில் வௌவால் தங்குகிறதா, குளத்தில் நியூட் இருக்கிறதா, உயிர்வேலியை வெட்டப்போகிறார்களா என்று பார்த்துக் கருத்து எழுதுவேன். நியூட் என்பது பல்லி போலிருக்கும், தவளைக்கு உறவான உயிர். முடிவு என் கையில் இல்லை; என் கருத்தை மீறியும் கவுன்சிலர்கள் வாக்களிக்கலாம்.

கேள்வி: களத்துக்குப் போவதே இல்லையா?

பதில்: வாரத்தில் ஒரு நாள் போக முடிந்தால் அது நல்ல வாரம். ஆய்வைச் செய்பவர் விண்ணப்பதாரர் அமர்த்தும் ஆலோசகர். அது சரியான பருவத்தில் நடந்ததா என்று பார்ப்பது நான். அந்தியில் கூரையிலிருந்து வெளியேறும் வௌவால்களை எண்ண மே முதல் செப்டம்பர் வரைதான் காலம். குளத்து நீரில் நியூட்டின் டிஎன்ஏ தேட ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை.

ஒரு பிப்ரவரியில், பழைய தானியக் கொட்டகையை வீடாக்க ஒரு குடும்பம் விண்ணப்பித்தது. ஓட்டுக்கடியில் வௌவால் எச்சம் கிடந்தது. மே வரை பொறுக்க வேண்டும் என்று எழுதினேன். அவர்களோ வாடகை வீட்டைக் காலிசெய்ய நாள் குறித்திருந்தார்கள். போனில் அந்த அம்மா அழுதுவிட்டார். நான் எழுதியது சரிதான். ஆனால் முந்தைய கோடையிலேயே யாராவது சொல்லியிருந்தால் அவர் அழுதிருக்க வேண்டியதில்லை. அதிலிருந்து, விண்ணப்பத்துக்கு முன் நடக்கும் ஆலோசனைக் கூட்டம் எதையும் நான் விடுவதில்லை. கட்டட வரைபடத்தில் கோடு வரையப்படுவதற்கு முன்னால் சொல்லும் ஒரு வார்த்தை, பின்னால் எழுதும் பத்துப் பக்கத்தைவிட அதிகம் காப்பாற்றுகிறது.

கேள்வி: 10 சதவீத விதி என்கிறார்களே, அது பயன்படுகிறதா?

பதில்: பயன்படுகிறது. 2024 முதல் விலக்கு பெறாத கட்டுமானங்கள் வாழிட மதிப்பைக் குறைந்தது 10 சதவீதம் கூட்டிக் காட்ட வேண்டும், அப்படிக் கூட்டியவற்றில் முக்கியமானவற்றை 30 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு புல்வெளியை அளக்கும், முள்ளெலியை எண்ணாது. தோட்டத்து வேலிகளில் முள்ளெலி புகுந்துபோக 13 சென்டிமீட்டர் சதுர வழி விடும்படி தனியாகக் கேட்டு வாங்குகிறேன்.

கேள்வி: மதுரையில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன் அக்கா. இப்போதே என்ன கற்றுக்கொள்ளலாம்?

பதில்: செடிகளை அடையாளம் காணப் பழகு. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், அதில் வரைபடம் போடு. அப்புறம், உயிரியல் தெரியாதவருக்கும் புரியும்படி அரைப் பக்கம் எழுதிப் பழகு. எந்த நிலம் எதற்கு என்று நிறத்தால் காட்டும் உங்கள் ஊர் மாஸ்டர் பிளான் வரைபடத்தைத் தேடி எடு. வீட்டுக்குப் பக்கத்துக் கண்மாயின் வரத்துக்கால் அதில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுது.