பத்து நிமிட மௌனம் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

எனக்குச் சொந்த ஊர் மதுரை. வரைகலை வேலை செய்கிறேன். இரண்டு ஆண்டுகளாகக் கொடைக்கானலில், ஏரிக்கு மேலே உள்ள ஒரு கோ-ஒர்க்கிங் கூடத்தில் மேசை ஒன்றை மாத வாடகைக்கு எடுத்திருக்கிறேன். நாங்கள் பதினைந்து பேர். ஏழெட்டு வெவ்வேறு நிறுவனங்களின் வேலை ஒரே கூரையின் கீழ் நடக்கிறது.

தினமும் காலை ஒன்பதரைக்கு ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ (மனம் ஒன்றிய கவனம்) என்று பத்து நிமிட மௌனம். மணி அடித்ததும் எல்லோரும் கண்களை மூடிக்கொள்வோம். தரை துடைக்கும் அக்காவின் வாளிச் சத்தம் இடைஞ்சலாக இருக்கிறது என்று அந்த நேரம் அவரை வெளியே நிற்கச் சொல்கிறார்கள். அவர் பனியில் நிற்கிறார். உள்ளே சுவரில் ‘பூமியைக் காப்போம்’ என்று பச்சை எழுத்தில் எழுதியிருக்கிறது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் இரண்டு ஹீட்டர்கள் எரிந்துகொண்டே இருக்கின்றன. கழிப்பறைக் குழாய் மாதக்கணக்கில் சொட்டுகிறது. கோடையில் வாரம் இரண்டு லாரித் தண்ணீர் வாங்குகிறோம். இதையெல்லாம் சொன்னால், “வாடகையில் எல்லாம் சேர்ந்ததுதானே” என்கிறார்கள். இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். இப்போது நான் எழுந்து நடந்தாலே “டீச்சர் வருகிறார்” என்று ஒரு குரல் வருகிறது.

கவனம், நிலைத்தன்மை என்பதெல்லாம் சுவருக்கான அலங்காரம்தானா? எனக்குச் சொந்தமில்லாத ஓர் இடத்தில் நான் ஒருத்தி என்ன செய்துவிட முடியும்? பேசாமல் அறையிலேயே உட்கார்ந்து வேலை செய்யலாமா என்று யோசிக்கிறேன்.

ம.,
கொடைக்கானல்

*

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் அந்த அக்கா வெளியே நிற்கும் வரியைத் தாண்டி வெகுநேரம் என்னால் போக முடியவில்லை. உங்கள் ஊர்க் காலைப் பனி எனக்குத் தெரியும். நனைந்த கையோடு அதில் பத்து நிமிடம் நிற்பது எப்படி இருக்கும் என்பதும் தெரியும். அங்கே நடப்பது தவறு. மற்ற எதையும் பேசுவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

அதற்காக அந்தப் பயிற்சியையே நான் பழிக்க மாட்டேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1979-இல் ஜான் கபாட்-ஜின் என்பவர் அதைத் தொடங்கியது தீராத வலியோடு வாழ்ந்த நோயாளிகளுக்காக. மருந்தால் முழுதும் தணியாத வலியோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று எட்டு வாரம் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு அது ஊர் ஊராகப் பரவி, அலுவலகங்களுக்கும் வந்து சேர்ந்தது. அவர் எடுத்துக்கொண்ட வேர் பௌத்தத்தினுடையது. பாலி மொழியில் அதற்குப் பெயர் ‘சதி’. வடமொழி ‘ஸ்மிருதி’யின் உறவுச் சொல். இரண்டுக்கும் அடிப்படைப் பொருள் நினைவு.

இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஏனென்றால் அந்தச் சொல் நம் வீடுகளில் ஏற்கனவே இருக்கிறது. “நினைவாக அடுப்பை அணைத்துவிடு.” “ஞாபகமாகக் கதவைச் சாத்து.” நம் பாட்டிகள் ஒரு நாளில் எத்தனை முறை இதைச் சொல்லியிருப்பார்கள்! கண்ணை மூடிக்கொள்ளும்படி அவர்கள் சொல்லவில்லை. கை ஒரு வேலையைச் செய்யும்போது மனம் அந்தக் கையோடு இருக்கட்டும் என்றார்கள். அடுப்பு, கதவு, குழாய், விளக்கு என்று பெயர் சொல்லக்கூடிய ஒரு பொருள் அந்த வாக்கியங்களில் எப்போதும் இருந்தது. உங்கள் கூடத்தின் மௌனத்தில் அந்தப் பொருள்தான் காணாமல் போயிருக்கிறது.

நான் இதைக் கற்றுக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே மலையில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். குழாயில் தண்ணீர் சில நாட்களுக்கு ஒரு முறைதான் வரும். ஒரு மாலை கை கழுவப் போய்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் இல்லை. திறந்தபடியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இரவில் தண்ணீர் வந்து, தொட்டி நிறைந்து, விடிவதற்குள் முழுவதும் ஓடிப்போயிருந்தது. அடுத்த நான்கு நாட்களுக்கு அலுவலகத்தில் பத்தொன்பது பேருக்கும் சொட்டுத் தண்ணீர் இல்லை. யார் திறந்து வைத்தது என்று எல்லோரும் கேட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனம் சுருங்குகிறது.

எங்கள் அட்டெண்டருக்கு மட்டும் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மாலை, “அம்மா, இன்றைக்கு என்னோடு ஒரு சுற்று வாருங்கள்” என்று அழைத்தார். மூடும் நேரத்தில் அவர் எல்லா அறைகளுக்கும் போவது வழக்கம். ஒவ்வொரு சுவிட்சையும் விரலால் தொடுவார். அணைந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் தொடுவார். குழாயைத் தொட்டு இன்னும் கொஞ்சம் இறுக்குவார். ஜன்னல் கொக்கியை ஒரு தரம் அழுத்திப் பார்ப்பார். “கண் ஏமாந்துவிடும், கை ஏமாறாது” என்றார். அந்தச் சுற்றுக்கு ஏழு நிமிடம் ஆயிற்று. நான் பார்த்த தியானங்களில் அதற்கு நிகரானது வேறு எதுவும் இல்லை.

இனி, உங்களுக்குச் சொந்தமில்லாத இடம் என்ற கேள்வி. ஒரு நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் அப்சர்வேட்டரிக்கு, அதுதான் சூரியனை ஆராயும் அந்த நிலையத்துக்கு, போய் வாருங்கள். நீங்கள் போயிருக்கலாம், இந்தக் கேள்வியோடு இன்னொரு முறை போங்கள். 1899-இல் அந்தக் குன்றின்மேல் வந்து அமர்ந்த நிலையம் அது. 1909-இல் ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர், சூரியக் கரும்புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டுபிடித்தது அங்கேதான். உலகம் முழுவதும் இன்று அவர் பெயராலேயே அதைக் குறிப்பிடுகிறார்கள். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்துவது வேறொன்று. வானம் தெளிந்த நாட்களில் எல்லாம் சூரியனைப் படம் எடுத்து, தேதியும் நேரமும் குறித்து வைக்கும் வேலை அங்கே 1904-இல் தொடங்கியது. இன்றும் அது நிற்கவில்லை. கரும்புள்ளிகள் பெருகிக் குறைய ஏறத்தாழ பதினோரு ஆண்டுகள் ஆகும். முப்பது ஆண்டு அங்கே வேலை பார்த்து ஓய்வு பெறுகிறவர் அதில் மூன்று சுற்றைக்கூட முழுதாகப் பார்த்திருக்க மாட்டார். அவர் குறித்து வைத்ததை அடுத்தவர் தொடர்ந்தார். அவருக்குப் பின் இன்னொருவர். கண்ணாடித் தகடுகளில் இருந்த அந்தப் படங்களை இப்போது கணினியில் ஏற்றி, உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் ஆய்வாளரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தொலைநோக்கி அவர்களில் யாருக்கும் சொந்தமில்லை. சூரியன் யாருக்குமே சொந்தமில்லை. நிலைத்தன்மை என்ற சொல்லை நான் கேட்கும்போதெல்லாம், மூடுபனி ஏறி வருவதற்குள் படத்தை எடுத்துவிட வேண்டும் என்று காலையில் அந்தக் குன்றில் ஏறிப்போன, பெயர் தெரியாத மனிதர்கள்தான் என் மனத்தில் வருகிறார்கள். அதுவும் ஒரு பகிர்ந்துகொண்ட அலுவலகம்தானே?

இதே ஊரில் இதற்கு நேர் எதிரான கதையும் நடந்தது. தெர்மாமீட்டர் ஆலை ஒன்று பாம்பாறு சோலையை ஒட்டி இயங்கியது. 2001-இல், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் குவிந்து கிடந்ததை மக்கள் கண்டுபிடித்தார்கள். ஆலை மூடப்பட்டது. தொழிலாளர்களின் இழப்பீட்டு வழக்கு 2016 வரை நீண்டது. மண்ணைச் சுத்தம் செய்யும் பேச்சு அதற்குப் பிறகும் தொடர்ந்தது. நஞ்சு, ஊர் நடுவே, பழைய பேப்பரும் இரும்பும் எடைக்குப் போடும் கடைக்குப் போயிருந்தது! ‘வெளியே போட்டாயிற்று’ என்று நாம் சொல்கிற அந்த ‘வெளியே’ எப்போதும் யாரோ ஒருவருடைய வாசல். உங்கள் கூடத்தில் பழைய டியூப்லைட்டுகள் இருந்தால், ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. பியூஸ் போனதும் அவை எங்கே போகின்றன, யார் கையால் போகின்றன என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக அந்த அக்காவின் கையால்தான்.

தண்ணீரும் அப்படியே. சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பஞ்சுபோல வாங்கி வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகின்றன. அதனால்தான் இந்த மலையில் வெயில் காலத்திலும் ஊற்று இருந்தது. உங்கள் லாரித் தண்ணீரும் அப்படி எங்கோ ஒரு நிலம் சேமித்து வைத்ததுதான். உங்கள் ஜன்னலிலிருந்து தெரியும் ஏரி 1863-இல் கட்டப்பட்டது. அது நிரம்பி வழிந்தால் மலைச்சாலையில் வெள்ளி அருவியாக விழுகிறது. சுற்றுலா வருகிறவர்கள் பஸ்ஸை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் அதே அருவி. ஏரிச் சரிவில் இருக்கும் ஒவ்வொரு கட்டடத்தின் கழிவுநீரும் ஒழுங்காகப் போகிறதா இல்லையா என்பது கடைசியில் அந்தப் படத்தில் விழுகிறது.

உங்கள் சொட்டும் குழாயைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. மில்லிக்கு இருபது சொட்டு என்று வைத்தால் நான்கு லிட்டருக்கு மேல். மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு குடம். ஹீட்டர் இதைவிட மோசம். 2,000 வாட் ஹீட்டர் இரண்டு, யாரும் இல்லாத ஒரு மணி நேரம் எரிந்தால் 4 யூனிட். அந்த மின்சாரத்தில் 20 வாட் எல்இடி விளக்கு ஒன்றை நாளுக்கு எட்டு மணி நேரம் வீதம் 25 நாட்கள் எரிக்கலாம். சுவரில் பச்சை எழுத்துக்கு மேல் மாட்டியிருக்கும் விளக்கை அணைத்துத் திருப்திப்படுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். இல்லை, வேண்டாம். சொல்லாதீர்கள். நீங்கள் ஏற்கனவே இரண்டு முறை சொல்லிவிட்டீர்கள்.

உங்கள் தோழர்கள் கெட்டவர்கள் என்று நான் நம்பவில்லை. வாடகையில் எல்லாம் சேர்ந்திருப்பதால் மின்கட்டணமும் லாரிக் கணக்கும் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. கண்ணில் படாததை யாரால் நினைவு வைத்துக்கொள்ள முடியும்? நீலகிரியில் மதுபாட்டில்கள் காட்டில் உடைந்து, யானைகளின் கால்களைக் கிழித்துக்கொண்டிருந்தன. எத்தனையோ அறிவிப்புப் பலகைகள் இருந்தன. 2022-இல் உயர் நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பிறகு, பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. பாட்டில்களில் மிகப் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. மனிதர்கள் ஓர் இரவில் நல்லவர்களாகவில்லை. மறப்பதைக் கடினமாக்கும் ஓர் ஏற்பாடு அவர்கள் கையில் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது இது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மின்சார மீட்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் கட்டித் தொங்கவிடுங்கள். வேலை முடிந்து கிளம்பும்போது மீட்டரில் உள்ள எண்ணைத் தேதியோடு எழுதுங்கள். தண்ணீர் லாரி வந்த நாளை எழுதுங்கள். குழாயை யார் சரிசெய்தாரோ, அந்தத் தேதியை எழுதுங்கள். அறிவுரை ஒரு வரிகூட வேண்டாம். வாரக் கடைசியில் அந்த வாரத்தின் எண்ணைக் கெட்டில் இருக்கும் மேடைக்கு மேலே, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வையுங்கள். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் அந்த மூன்று நிமிடத்தில் யாரும் எதையாவது படிப்பார்கள். ஒரு மாதம் கழித்து, நீங்கள் ஊருக்குப் போகும் நாளில் இன்னொருவரை எழுதச் சொல்லுங்கள். “டீச்சர்” என்று அழைத்தவரையே கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில், எண்ணைத் தன் கையால் எழுதியவர் அடுத்த நாள் ஹீட்டரைத் திரும்பிப் பார்க்காமல் போனதில்லை.

குழாய்க்கு வாஷர் மாற்றக் காத்திருக்காதீர்கள். பிளம்பரை அழைத்து, பணத்தை நீங்களே கொடுத்துவிட்டு, பிறகு நிர்வாகத்திடம் கேளுங்கள்.

அறையிலேயே இருந்து வேலை செய்யலாமா என்று கேட்டீர்கள். போகாதீர்கள். பதினைந்து பேரும் தத்தம் அறைகளில் உட்கார்ந்தால் பதினைந்து ஹீட்டர், பதினைந்து கெட்டில், பதினைந்து இணைய இணைப்பு. ஒரே கூரையின் கீழ், ஒரே சூட்டில் உட்கார்ந்து வேலை செய்வது நல்ல யோசனை. சிக்கனமும் அதுதான், துணையும் அதுதான். அதைக் கைவிட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

கடைசியாக, அந்த அக்கா. இதற்கு மட்டும் நோட்டு போதாது, வாய் திறந்து பேசியாக வேண்டும். கூட்டத்தில் வேண்டாம், அமர்வை நடத்துகிறவரிடம் தனியாகப் பேசுங்கள். ஒன்பதரைக்குப் பதில் ஒன்பதே முக்காலுக்கு மணி அடித்தால் தரை துடைத்து முடிந்திருக்கும். அது முடியாது என்றால், அந்தப் பத்து நிமிடம் அவரும் உள்ளே ஒரு நாற்காலியில் உட்காரட்டும். அவருக்குத் தியானம் செய்ய விருப்பம் இருக்கிறதா என்பது அவர் பாடு. உட்காரவாவது செய்வார். நீங்கள் அவருடைய பெயரை எனக்கு எழுதவில்லை. தெரியவில்லை என்றால் நாளைக் காலை கேளுங்கள்.

ஜனவரி உறைபனியின்போது உங்கள் மீட்டர் எவ்வளவு ஓடியது என்று எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்.