விரதம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

எனக்கு 52 வயது, மனைவிக்கு 48. இரண்டு வருடமாகத் தனியே படுக்கிறாள். கேட்டால் விரதம் என்கிறாள். பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் கை பட்டாலே விலகுகிறாள். நண்பர் ஒரு லேகியம் சொல்கிறார். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போகலாமா? வயதானால் பெண்களுக்கு ஆசை வற்றிவிடுமா?

கு.

(நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள கு.,

லேகியத்தைத் தூரப் போடுங்கள். ஆசை வற்றுமா என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. எனக்கு 'விரதம்' என்ற சொல்லைத் தாண்டிப் போகமுடியவில்லை. போன மாதம் பெரியம்மா திவசம். அன்றிலிருந்து அதே நினைப்புதான்.

பெரியம்மாவுக்குச் செவ்வாய் முருகன், வியாழன் ராகவேந்திரர், வெள்ளி அம்மன், சனி பெருமாள். மிச்ச நாளில் அமாவாசை, கிருத்திகை. நாற்பத்தைந்து வயதிலேயே பாயைச் சுருட்டிக்கொண்டு பூஜையறை வாசலுக்கு வந்துவிட்டாள். "அவ பாதி சாமியார்" என்று பெரியப்பா பெருமையாகச் சொல்வார்.

பெரியப்பா போய் ஆறு வருடம் கழித்து, ஓயாத நீர்க்கடுப்புக்காக அவளை ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். பரிசோதித்துவிட்டு அந்தம்மா கேட்டார்: "உள்ளே எரியுமா? எத்தனை வருஷமா?" பெரியம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, "தூரம் நின்னதிலேர்ந்து. முள்ளு குத்துற மாதிரி" என்றாள்.

மாதவிலக்கு நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைகிறது. பிறப்புறுப்பின் உள்தோல் மெலிந்து வறண்டுபோகிறது. உடம்பு திகுதிகுவென்று காய்வது பலருக்கும் சில வருடங்களில் அடங்கிவிடும். இந்த வறட்சி அப்படியில்லை, கவனிக்காமல் விட்டால் கூடத்தான் செய்யும். டாக்டர் எழுதித் தந்தது ஈஸ்ட்ரோஜன் க்ரீம், விரல் நீள ட்யூப். (மார்பகப் புற்று வந்தவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.) ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு, "இதுக்கு மருந்து இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலியேடி" என்றாள்.

நம் வீட்டு விரதங்களில் பாதி வலிதானோ என்று எனக்கு அப்போதிருந்தே சந்தேகம்.

நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்களே, அதில் ஒரு வரியிலாவது "வலிக்கிறதா என்று கேட்டேன்" என்று இருக்கிறதா? பல்வலி என்றால் கேட்டிருப்பீர்கள். கால் பிசகினால் தைலம் வாங்கி ஓடியிருப்பீர்கள். இருபது வருடத்துக்கு மேல் கூடப் படுத்தவளிடம் இதைக் கேட்க வாய் வரவில்லை. முகம் தெரியாத எனக்குக் கடிதம் எழுத வருகிறது!

கை பட்டால் விலகுகிறாள் என்கிறீர்கள். தோளில் விழும் கை அடுத்து எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். வலிக்கப்போகிறது என்று தெரிந்த உடம்பு முன்னாலேயே இறுகிக்கொள்ளும். இறுகினால் இன்னும் வலிக்கும். மறுநாள் பயம் இன்னும் கூடும். இதில் உடம்பு எது, மனசு எது என்று பிரிக்க முடியுமா? மனச்சோர்வு மாத்திரை, சர்க்கரை, தைராய்டு என்று வேறு காரணமும் இருக்கலாம். எதுவானாலும் முதலில் மகளிர் நல மருத்துவரிடம் போங்கள். மனநல மருத்துவரை அப்புறம் பார்க்கலாம்.

அதற்கும் முன்னால் அவரிடம் கேளுங்கள். படுக்கையில் வேண்டாம், வேறு ஏதோ உள்நோக்கம் என்று நினைப்பார். சாயங்காலம் காபி குடிக்கும்போது கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கு எழுத வேண்டாம்.