வாசலில் வந்து மதம் சொல்கிறவர்கள்: கேட்டவர்களுக்குப் பதில்

தரங்கம்பாடிப் பக்கத்துக்காரன், ரொம்ப வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். எனக்குத் தெரிந்தது மிஷன் வரலாறு.

மயிலாடுதுறையிலிருந்து: வீடு தேடி வந்து மதம் சொல்வது நம்மை மட்டம் தட்டுவதுதானே?

சொல்வதாலேயே மட்டம் தட்டியதாகிவிடாது. நாம் சொல்வதை அவர் கேட்கிறாரா, வேண்டாம் என்றதும் என்ன செய்கிறார், அதைத்தான் பார்க்க வேண்டும். 1706 ஜூலையில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்குத் தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பொடிசுகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். 1708க்குள் உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்துவிட்டார். முதலில் நம்மிடம் படித்தவர் அவர்.

ஆனால் நோயாளியின் கட்டிலருகே மட்டும் கூடாது. என் அம்மா ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாயோடு கிடந்தபோது இரண்டு பேர் வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் நெற்றியில் எண்ணெய் தடவி ஜெபித்துவிட்டுப் போனார்கள். முந்தானையால் துடைக்கப் பார்த்தாள், கை எழும்பவில்லை.

நாகையிலிருந்து: சீகன்பால்கு தமிழ் படித்ததே நம் சாமிகளை ஒழிக்கத்தானே?

நம்மை மாற்றத்தான் வந்தார், அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் நம் தெய்வங்களைப் பற்றி 1713ல் ஒரு பெரிய நூல் எழுதி ஊருக்கு அனுப்பினார். உங்களை அனுப்பியது இதை ஒழிக்க, பரப்ப இல்லை என்று சொல்லி ஜெர்மனியின் ஹாலே நகரத்து மிஷன் பெரியவர்கள் அதை அச்சிட மறுத்துவிட்டார்கள். 1867ல்தான் சென்னையில் அச்சேறியது.

நாகை மறுபடியும்: அப்போ மாறியவர்களெல்லாம் அரிசிக்கும் காசுக்கும்தானே மாறினார்கள்?

இதே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது, ஒரே தடவை சொல்லிவிடுகிறேன். ஆசை காட்டி மாற்றுவது தப்பு. மதத்தைப் பரப்பும் உரிமையில் அடுத்தவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் 1950 பட்டியல் சாதி ஆணைப்படி கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. அது போனாலும் பரவாயில்லை என்று மாறுகிறவரைப் பார்த்து அரிசிக்கு விலைபோனவர் என்றால், அவருக்கென்று ஒரு புத்தியே இல்லை என்றுதானே அர்த்தம்? அந்தப் பேச்சு கட்டிலருகே எண்ணெய் தடவியதைவிட எந்த விதத்தில் மரியாதை? தஞ்சாவூர்ச் சபையிலேயே சாதி பார்த்து உட்கார வைத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

தஞ்சாவூரிலிருந்து: மதம் மாற்றாமல் பழகிய மிஷனரி யாராவது உண்டா?

தஞ்சாவூரில் இருந்த மிஷனரி ஷ்வார்ட்ஸ் பலரை மாற்றினார். ஆனால் அவர் வளர்த்த தஞ்சை மன்னர் சரபோஜி கடைசிவரை மாறவில்லை, பாசமும் குறையவில்லை. 1798ல் அவர் இறந்த பிறகு சரபோஜி செய்யச் சொன்ன பளிங்குச் சிற்பம் உங்கள் தஞ்சாவூரிலேயே சிவகங்கைக் கோட்டைத் தேவாலயத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். சாகக் கிடக்கிறவரின் கையை மன்னர் பிடித்துக்கொண்டிருப்பார்.

திருவாரூரிலிருந்து: எந்த மதம் உண்மை?

அது என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை.

கும்பகோணத்திலிருந்து: பக்கத்து வீட்டு அக்கா வாராவாரம் துண்டுப் பிரசுரம் தருகிறார். எப்படித் தவிர்ப்பது?

"இது வேண்டாங்க்கா, உள்ளே வாங்க, காபி குடிக்கலாம்" என்று சொல்லுங்கள். வந்து உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனால் நல்ல அக்கா. வீட்டில் யாராவது படுக்கையில் இருந்தால் மட்டும் திண்ணையிலேயே உட்கார வைத்துப் பேசி அனுப்பிவிடுங்கள்.